எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009 முதல் 2018 வரை தெற்கு எத்தியோப்பியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பாடம் எடுத்தேன். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும், கல்லூரி ஸ்டாஃப் ரூமிலும், ராத்திரி பத்து மணி போனிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லி முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, முழுசாகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எத்தியோப்பியாவா? பஞ்சம் வந்த நாடாச்சே, அங்க யுனிவர்சிட்டி எல்லாம் இருக்கா?

இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். 12 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு அது. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு அடுத்தபடியாக அதிக மக்கள் அங்கேதான்.

1984-85 பஞ்சத்தின் படங்கள் நம் மனதில் அப்படியே தங்கிவிட்டன. அந்தப் பஞ்சம் உண்மை, அதில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆனால் நான் பாடம் எடுத்த பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்ததும் வராததுமாகப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முகம் சுருங்கும். அந்தக் கோபம் நியாயமானது.

யார் ஆரம்பிச்சது? வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்துட்டுப் போனதா?

இல்லை. 1936 முதல் 1941 வரை இத்தாலி பிடித்து வைத்திருந்த ஐந்து வருடம் தவிர எத்தியோப்பியா யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. அந்த ஐந்து வருடத்தில் கட்டிக் கொடுப்பதற்குப் பதில் படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1937 பிப்ரவரி 19 அன்று தலைநகர் அடிஸ் அபாபாவில் ஓர் அரண்மனை வளாகத்தில் இத்தாலிய ஆளுநர் கிராட்சியானி மீது குண்டு வீசப்பட்டது. அதற்குப் பழிவாங்க மூன்று நாள் நகரமே வேட்டையாடப்பட்டது. வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த இளைஞர்கள் குறிவைக்கப்பட்டார்கள். விடுதலை கிடைத்தபோது, படித்த ஒரு தலைமுறையே ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது.

1950-ல் அடிஸ் அபாபாவில் யுனிவர்சிட்டி காலேஜ் 33 மாணவர்களோடு தொடங்கியது. முதல் தலைவர் லூசியன் மாத் என்ற கனடா நாட்டு இயேசு சபைப் பாதிரியார். கிழக்கே ஹரார் பக்கம் அலெமாயாவில் வேளாண் கல்லூரி, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வந்தது. வடக்கே கோண்டரில் பொதுச் சுகாதாரக் கல்லூரி. 1961-ல் பேரரசர் ஹைலே செலாசி தன் அரண்மனையையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கிராட்சியானி மீது குண்டு விழுந்த அதே அரண்மனை அது. இன்றும் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அங்கேதான். முன்னால், முசோலினி ஆட்சியின் ஆண்டுக்கு ஒன்றாக இத்தாலியர்கள் கட்டிய ஒரு படிக்கட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறது. விடுதலைக்குப் பிறகு அதன் உச்சியில் பேரரசின் சின்னமான யூதாவின் சிங்கத்தை வைத்துவிட்டார்கள். முதல் முறை பார்த்தபோது அங்கேயே வெகு நேரம் நின்றிருந்தேன்.

ரெண்டு யுனிவர்சிட்டி இருந்த இடத்துல நாற்பது எப்படி வந்துச்சு? பணம் ஏது?

1991-ல் தெர்க் என்ற ராணுவ ஆட்சி விழுந்தபோது இருந்தவை இரண்டுதான்: அடிஸ் அபாபா, அலெமாயா. 1999-2000 வாக்கில் பழைய கல்லூரிகளைச் சேர்த்து ஜிம்மா, மெக்கெலே, பஹிர் தார், அவாசா என்று பல்கலைக்கழகங்கள் ஆக்கினார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் புதிதாகக் கட்டினார்கள், பத்துப் பன்னிரண்டு என்று கூட்டம் கூட்டமாக. மாணவர் எண்ணிக்கை சில பத்தாயிரத்திலிருந்து இருபது வருடத்துக்குள் பல லட்சமாக உயர்ந்தது. செலவில் பெரும்பங்கு அரசு பட்ஜெட். கட்டுமானத்திலும் பொறியியல் பாடத்திட்டத்திலும் ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வளாகத்தில் பாதிக் கட்டடம் சாரத்தோடு நின்றது. மழை பெய்தால் செம்மண் சேறு முழங்கால் வரை. விடுதி அறைக்கு ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில். இரண்டே வருடத்தில் சதுரக் கல் பாவிய சாலை, நூலகம், ஆய்வுக்கூடக் கட்டடம் எல்லாம் வந்துவிட்டன. வராதவர்கள் ஆசிரியர்கள். பி.எஸ்சி.யில் முதலிடம் பெற்ற பையனை அடுத்த ஆண்டே 'கிராஜுவேட் அசிஸ்டெண்ட்' ஆக்கி வகுப்பில் நிறுத்துவார்கள். இருபத்திரண்டு வயது. போன வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் தம்பிகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். அந்தப் பையன்களும் பெண்களும் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது.

அதுக்காகத்தான் நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டாங்களா?

ஆமாம். கட்டடத்தைக் காசு கொடுத்து வேகப்படுத்தலாம், ஒரு பிஎச்.டி. ஆசிரியர் உருவாகப் பத்துப் பதினைந்து வருடம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள், அதில் அதிகம் பேர் இந்தியர்கள். நேர்காணல் குழுக்கள் இந்தியாவுக்கே வந்தன. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அங்கே இருந்தோம். ஆந்திரா, தெலங்கானா, கேரளா, தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. அர்பா மிஞ்ச், டில்லா, ஜிம்மா, வொலாய்த்தா சோடோ என்று எந்த ஊருக்குப் போனாலும் தமிழ் பேச ஆள் கிடைக்கும்.

அவர்களுக்கு நாம் புதியவர்களும் இல்லை. பேரரசர் காலத்திலேயே இந்தியப் பள்ளி ஆசிரியர்கள் அந்த நாட்டின் மூலை முடுக்கெல்லாம் வேலை பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு பெரியவர், தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கேரளத்து ஆசிரியையைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னிடம் காப்பிக்குக் காசு வாங்க மறுத்தார்.

பாடம் எந்த மொழியில? பசங்களுக்கு இங்கிலீஷ் புரியுமா?

உயர்நிலைப் பள்ளியிலிருந்து பாடமொழி ஆங்கிலம். தொடக்கப் பள்ளியில் தாய்மொழி: அம்ஹாரிக், அஃபான் ஒரோமோ, திக்ரிஞா, சோமாலி, சிடாமா என்று பகுதிக்கு ஒன்று. எண்பதுக்கு மேற்பட்ட மொழிகள் இருக்கும் நாட்டில் தாய்மொழியில் தொடங்குவது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சிக்கல் மொழி மாறும் இடத்தில். ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியருக்கே ஆங்கிலம் சரியாக வராத பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, ஒரே நாளில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

2004-ல் இதற்கு ஒரு குறுக்குவழி பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பதிவு செய்த பாடங்களை சாட்டிலைட் மூலம் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் பிளாஸ்மா டிவியில் காட்டினார்கள். பாடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வேகம் அதிகம், பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உச்சரிப்பு, கரண்டு போனால் அன்றைய பாடம் அவ்வளவுதான். வகுப்பு ஆசிரியருக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மட்டும். என் மாணவர்கள் அந்தத் தலைமுறை. "பிளாஸ்மா டீச்சரிடம் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாதே" என்று ஒரு பெண் சொன்னாள். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் கேட்பதற்கென்றே விட்டுவைத்தேன். முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பருவத்தில் பத்து நிமிடம் போதவில்லை.

மணியும் மாசமும் கூட வேறயாமே?

ஆமாம். பதின்மூன்று மாதம், நம் ஆண்டுக்கணக்கைவிட ஏழெட்டு வருடம் பின்னால், செப்டம்பர் 11 அன்று புத்தாண்டு. மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நம் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊரிலிருந்து போன நமக்கு இது பிடிபடாமல் போகாது. கால அட்டவணையில் மட்டும் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசங்க ஃபீஸே கட்ட மாட்டாங்களாமே? எல்லாம் ஓசியா?

ஓசி இல்லை, பிறகு கட்டுவது. 2003 வரை படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். அந்த ஆண்டு 'காஸ்ட் ஷேரிங்' கொண்டுவந்தார்கள். சேரும்போது மாணவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். சாப்பாடு, தங்குமிடச் செலவும் பாடச் செலவில் ஒரு சிறு பங்கும் அவர் கணக்கில் எழுதப்படும். வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காகப் பிடித்துக்கொள்வார்கள். ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் பணமாகத் தராமல் பணி செய்து கழிக்கலாம். ஆஸ்திரேலிய முறையைப் பார்த்துச் செய்தது.

இதில் எனக்குப் பிடித்தது, சேரும் நாளில் யார் வீட்டிலும் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை என்பது. காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் மகனும் நீதிபதி மகனும் அதே விடுதி, அதே இஞ்சேரா, அதே ஷிரோ குழம்பு. இஞ்சேரா என்பது தெஃப் என்ற சிறுதானியத்தில் செய்யும் புளித்த தோசை மாதிரி. பிடிக்காதது, வேலை இல்லாதவரிடம் எதைப் பிடிப்பது, முறைசாராத் தொழிலில் இருப்பவரை எப்படித் தேடுவது என்பதற்கு விடை இல்லாமலே திட்டம் ஓடியது. வரி வசூல் பலவீனமான நாட்டில் இந்த மாதிரிக் கடன் எளிதில் திரும்பி வராது.

எல்லாரையும் இன்ஜினியரிங்ல தள்ளினாங்களாமே, நம்ம ஊர் மாதிரியே?

தள்ளியது ஒன்றுதான், தள்ளிய கை வேறு. இங்கே பெற்றோரும் சுயநிதிக் கல்லூரிகளும். அங்கே அரசு. 2008 வாக்கில் '70:30' என்று ஒரு கொள்கை: சேரும் மாணவரில் 70 சதவீதம் அறிவியல், தொழில்நுட்பம்; 30 சதவீதம் சமூக அறிவியல், கலை. தொழிற்சாலைகள் வரும், அதற்கு ஆள் வேண்டும் என்ற கணக்கு. ஆய்வுக்கூடம் தயாராகும் முன்பே மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பியின் இழுவலிமையைச் சோதிக்கும் பெரிய இயந்திரம் ஒன்று கப்பலில் ஜிபூட்டி வந்து, லாரியில் எங்களிடம் வந்து, மரப்பெட்டியோடு பதினான்கு மாதம் வராந்தாவில் கிடந்தது. நிறுவித்தர வேண்டிய நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட டாலர் வேண்டும். டாலருக்கு வங்கியில் வரிசை. உள்ளூரில் எதை வாங்குவதென்றாலும் மூன்று கடைகளிலிருந்து 'புரோஃபார்மா' என்ற விலைச்சீட்டு வாங்கி, கோப்பு நாலு மேசை தாண்ட வேண்டும். அதுவரை நாங்கள் மணல் சல்லடை, கான்கிரீட் கனசதுரம், கையால் சுற்றும் சிறு அழுத்தக் கருவி இவற்றை வைத்துப் பாடம் எடுத்தோம். பக்கத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரிடம் கேட்டு, சனிக்கிழமைகளில் மாணவர்களை அங்கே கூட்டிப்போனோம். நான் பார்த்த நல்ல ஆய்வுக்கூட வகுப்புகளில் சில அந்தப் பாலத்தடியில் நடந்தவை.

பன்னிரண்டாவதுல 3 சதவீதம்தான் பாஸாமே. அப்ப அத்தனை யுனிவர்சிட்டி கட்டி என்ன பிரயோஜனம்?

எண் உண்மை. 2022 அக்டோபரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர், பாதி மதிப்பெண் தாண்டியவர்கள் 3.3 சதவீதம். அடுத்த ஆண்டு 3.2. அதிர்ச்சிதான். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். வினாத்தாள் கசிவதும் காப்பியடிப்பதும் பல வருட நோய். 2016-ல் தாள் சமூக வலைத்தளத்தில் வெளியாகித் தேர்வே ரத்தானது. 2022-ல் முதல் முறையாகப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு வரவழைத்து, அங்கேயே தங்கவைத்து, வெளி ஆசிரியர்கள் மேற்பார்வையில் எழுத வைத்தார்கள். பள்ளிகளின் உண்மை நிலை அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே கொரோனாவும் போரும் தின்ற வருடங்கள்.

தேறாதவர்களில் அடுத்த நிலையில் இருந்தவர்களைச் சில மாத ஈடுசெய் வகுப்புக்கு எடுத்தார்கள். 2023 முதல் பட்டம் பெறவும் நாடு தழுவிய வெளியேறு தேர்வு வந்துவிட்டது. கண்டிப்பு நல்லது. ஆனாலும் அளவுகோலை மட்டும் மாற்றினால் போதாது. மேலே சொன்ன பிளாஸ்மா கதை நினைவிருக்கட்டும். பள்ளி ஆசிரியரின் ஆங்கிலமும் கணக்கும் சரியாகாமல் இந்த எண் பெரிதாக ஏறாது. அந்தப் பள்ளி ஆசிரியரை உருவாக்கும் இடம் பல்கலைக்கழகம். அதனால் 'எதற்குக் கட்டினார்கள்' என்ற கேள்வியை நான் ஏற்கமாட்டேன். ஆசிரியர் பயிற்சிக்கு ஏன் கடைசி இடம் கொடுத்தார்கள் என்று கேட்டால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன்.

பொண்ணுங்க படிக்கிறாங்களா?

படிக்கிறார்கள், ஆனால் சமமாக இல்லை. அரசு, பெண்களுக்கு நுழைவு மதிப்பெண்ணைச் சற்றுக் குறைத்து வைத்திருக்கிறது. என் வகுப்பில் அறுபது பேருக்குப் பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் இருப்பார்கள். முதல் பருவத்தில் வெளியேறுகிறவர்களிலும் அவர்களே அதிகம். மதிப்பெண் சலுகை வாசலைத் திறக்கும். உள்ளே வந்த பிறகு தனி வகுப்பு, பாதுகாப்பான விடுதி, தண்ணீர், மாதவிடாய் நாட்களுக்கான வசதி இவற்றை யார் பார்ப்பது? எங்கள் துறையில் ஓர் இளம் ஆசிரியை மாலை நேரத்தில் பெண்களுக்கு மட்டும் கணக்கு வகுப்பு எடுத்தார், சம்பளம் இல்லாமல். தடுமாறுகிறவர்களிடம் "அய்சோஷ்" என்பார். அம்ஹாரிக்கில் ஒரு பெண்ணைப் பார்த்து 'தைரியமா இரு' என்று சொல்லும் சொல். அவர் வகுப்புக்குப் போனவர்களில் பலர் படிப்பு முடியும் வரை நின்றார்கள்.

கேம்பஸ்ல அரசியல் இருக்குமா? கலவரம் வரும்னு சொல்றாங்களே?

அந்த நாட்டின் அரசியலே வளாகத்தில் பிறந்தது என்று சொல்லலாம். 1965-ல் 'உழுபவனுக்கே நிலம்' என்று மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பேரரசரைக் கவிழ்த்த 1974 புரட்சிக்கு அந்த முழக்கம் அடிப்படை. புரட்சியைக் கைப்பற்றிய ராணுவம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, பல்கலைக்கழகத்தை மூடி, ஏறத்தாழ 60,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் எழுத்தறிவும் நிலச் சீர்திருத்தமும் பரப்பக் கிராமங்களுக்கு அனுப்பியது. அந்த ராணுவ ஆட்சி நடத்திய 1977-78 'சிவப்புப் பயங்கரம்' என்ற வேட்டையில் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த ஆட்சி 1993-ல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட பேராசிரியர்களை ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன 1937-ஐயும் சேர்த்தால், அறுபது வருடத்துக்குள் மூன்று முறை படித்தவர்களின் தலையில் அடி விழுந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பதை மத்திய அமைச்சகம் தீர்மானிக்கிறது. அம்ஹாரா இனப் பிள்ளை ஒரோமியா மாநிலத்துக்கும், ஒரோமோ இனப் பிள்ளை வடக்கேயும் போவார்கள். கலந்து வாழப் பழகட்டும் என்ற நல்ல எண்ணம். நாடு அமைதியாக இருந்தவரை அது நடந்தது. ஒரே அறையில் நான்கு மொழிக்காரர்கள் அண்ணன் தம்பியாக இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாடு கொந்தளித்தபோது அதே ஏற்பாடு பிள்ளைகளை வெளியூரில் மாட்டிவைத்தது. 2019 நவம்பரில் வொல்டியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். பல வளாகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பயந்து வீட்டுக்கு ஓடினார்கள். அடுத்த சில வாரங்களில் மேற்கே டெம்பி டோலோ பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள், பெரும்பாலும் பெண்கள், வழியில் கடத்தப்பட்டார்கள். அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். அந்த வாரங்களில் பழைய மாணவர்கள் போனில் அழுததை மறக்க முடியாது.

போர்ல எல்லாம் அழிஞ்சுபோச்சா?

எல்லாம் இல்லை. ஆனால் வடக்கே பேரழிவு. வடக்கு மாநிலமான டிக்ரேயில் 2020 நவம்பரில் தொடங்கிய போர் 2022 நவம்பரில் பிரிட்டோரியா சமாதான ஒப்பந்தத்தோடு நின்றது. மெக்கெலே, அக்சும், அடிக்ராட், ராயா என்ற நான்கு பல்கலைக்கழகங்களும் நெருப்புக்குள் மாட்டின. போன், வங்கி, இணையம் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மாநிலத்தில் ஆசிரியர்கள் ஓராண்டுக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். வெளி மாநில மாணவர்களை 2021-ல் ஐ.நா. உதவியோடு அஃபார் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். அம்ஹாரா பக்கம் போர் பரவியபோது வொல்டியா, வொல்லோ பல்கலைக்கழகங்கள் சூறையாடப்பட்டன.

கணினி போனால் வாங்கலாம். ஒரு துறையில் இருந்த பதினைந்து பேரில் ஆறு பேர் நாட்டை விட்டுப் போய்விட்டால், முன்பு சொன்ன அந்தப் பத்துப் பதினைந்து வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. 2023 முதல் அம்ஹாராவில் மீண்டும் சண்டை நடப்பதால் அங்கே இன்னும் நிம்மதி இல்லை.

படிச்சவன் எல்லாம் அமெரிக்கா போயிடுறானே, அப்புறம் எதுக்குச் செலவு பண்ணணும்?

இந்தக் கேள்வியை நம் ஊரிலும் அறுபது வருடமாகக் கேட்கிறோம். போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் சம்பளத்துக்காகக் கடல் தாண்டியவன்தான். ஆனால் எப்படிப் படிக்க வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் போகிறவர் எண்ணிக்கை மாறும். அதற்கு அங்கேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு.

2003-ல் ஏறத்தாழ ஏழு கோடி மக்களுக்கு எத்தியோப்பியாவில் 11 மனநல மருத்துவர்கள் இருந்தார்கள். சிறப்புப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பினால் பலர் திரும்புவதில்லை. அடிஸ் அபாபா பல்கலைக்கழகமும் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டன. மாணவர் போக வேண்டாம், ஆசிரியர் வரட்டும். டொரண்டோ மருத்துவர்கள் ஆண்டுக்குச் சில முறை, ஒரு மாதம் போல வந்து, உள்ளூர் ஆசிரியர்களோடு சேர்ந்து, உள்ளூர் நோயாளிகளை வைத்தே பாடம் நடத்தினார்கள். படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் நாட்டிலேயே தங்கினார்கள், அவர்களே அடுத்த ஆசிரியர்களும் ஆனார்கள். எண்ணிக்கை பல மடங்கானது. பிறகு மற்ற துறைகளுக்கும் இதே முறை பரவியது. ஏழை நாட்டுக்குப் பல்கலைக்கழக உதவி செய்ய நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கே வழியில்ல, யுனிவர்சிட்டிக்கு ஏன் காசு?

பெரிய பெரிய இடங்களிலேயே இப்படித்தான் நினைத்தார்கள். 1980களிலும் 90களிலும் உலக வங்கி ஆப்பிரிக்க நாடுகளிடம் தொடக்கக் கல்விக்குத்தான் முன்னுரிமை என்றது, உயர்கல்வி காய்ந்தது. 2000-க்குப் பிறகு அதுவே தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2003-ல் எத்தியோப்பியா கிராமச் சுகாதார ஊழியர் திட்டத்தைத் தொடங்கி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைத்தது. குழந்தை இறப்பு குறைந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. அவர்கள் பட்டதாரிகள் இல்லை, பத்தாவது முடித்து ஒரு வருடப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் பயிற்சி கொடுத்தவர், பாடநூல் எழுதியவர், மேற்பார்வை செவிலியர், அனுப்பப்படும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் எல்லோரும் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடமும் அப்படித்தான். சில வருடங்களில் எதற்கு அதிகம், எதற்குக் குறைவு என்று சண்டை போடலாம், நியாயமான சண்டை. ஒன்றை மூடி மற்றதைக் காப்பாற்ற முடியாது.

உண்மையைச் சொல்லுங்க சார், உங்களால அவங்களுக்கு லாபமா, உங்களுக்கு லாபமா?

இரண்டும். என் வீட்டுக் கடன் அந்த டாலரில்தான் அடைந்தது. சொல்லித்தந்ததை உண்மையாகச் செய்தேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்களில் எல்லோரும் அப்படி இல்லை. பழைய குறிப்பேட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். மாணவர்கள் புகார் சொன்னார்கள், சொன்னது சரி.

வெளிநாட்டு ஆசிரியர் போன பிறகு அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் லாப நட்டம் பார்க்க வேண்டும். நல்ல துறைத்தலைவர்கள் எங்களோடு ஓர் இளம் ஆசிரியரைச் சேர்த்து வைத்தார்கள்: நான் விரிவுரை, அவர் பயிற்சி வகுப்பு, அடுத்த ஆண்டு அவர் விரிவுரை, நான் பின்வரிசையில். மூன்றாவது ஆண்டு எனக்கு அந்தப் பாடத்தில் வேலை இல்லை. அப்படிச் செய்யாத துறைகளில் ஒப்பந்தம் முடிந்து இந்தியர் கிளம்பியதும் பாடமே நின்றது. இப்போது இந்திய ஆசிரியர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்களிடமே முதுகலை, பிஎச்.டி. முடித்தவர்கள் வந்துவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அது எனக்குச் சந்தோஷம்.

இப்ப வேலை கிடைச்சா போகலாமா?

முதலில் ஊரைப் பாருங்கள், பிறகு சம்பளத்தை. வேலை எந்த மாநிலத்தில், அங்கே இந்த மாதம் நிலைமை என்ன என்று அங்கிருப்பவர் ஒருவரிடமாவது பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களை இப்போதே கையில் வாங்கிவையுங்கள்; போவதற்கு முன் நான் இங்கே வேலை பார்த்த தனியார் கல்லூரி என்னுடையதைத் தர நான்கு மாதம் இழுத்தடித்தது, அதில் ஒரு பருவமே போனது.

சம்பளம் எந்த நாணயத்தில், எவ்வளவு பங்கு ஊருக்கு அனுப்பலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். 2023 டிசம்பரில் அந்த நாடு வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்டத் தவறியது. 2024 ஜூலையில் அந்த நாட்டு நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். டாலருக்கு 57 பிர் இருந்தது ஓராண்டுக்குள் 130-ஐத் தாண்டியது. உள்ளூர் ஆசிரியரின் சம்பளம் இதில் டாலர் கணக்கில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பீர்கள் என்பதை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள். அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் 2023-ல் தன்னாட்சி பெற்றுவிட்டது. மற்றவையும் அந்த வழியில் போகலாம் என்கிறார்கள். அப்படியானால் ஆள் எடுப்பது அமைச்சகமா, பல்கலைக்கழகமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவமாக இருந்தால் கவலை வேண்டாம். புதனும் வெள்ளியும் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள், கடையில் 'ட்சோம்' (விரதச் சாப்பாடு) என்று கேட்டால் பருப்பும் கீரையுமாக இஞ்சேரா நிறைய வைப்பார்கள். அம்ஹாரிக்கில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள், மாணவர்கள் உங்களை 'மெம்ஹிர்' (ஆசிரியர்) என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். மேலே சொன்னபடி என்னோடு சேர்த்து வைக்கப்பட்ட இளம் ஆசிரியர் இப்போது அங்கே துறைத்தலைவர். போன வாரம் மண் இயக்கவியலுக்குப் பழைய வினாத்தாள்கள் கேட்டிருந்தார். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். அங்கே போகிறவர்கள் சொன்னால் அவரிடம் பேச வைக்கிறேன்.